பச்சைப் புள்ளி வைக்கத் தெரிந்தவர்களுக்கு எச்சரிக்கை முத்திரை வைக்கத் தெரியாதா?

பெட்டிக்கடையில் தொங்கும் சிப்ஸ் பாக்கெட் ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். ஒரு மூலையில் எறும்பு எழுத்தில், ஆங்கிலத்தில், ஓர் அட்டவணை இருக்கும். 100 கிராமுக்கு சோடியம் 800 மில்லிகிராம் என்று போட்டிருந்தால் என்ன அர்த்தம்? 2.5-ஆல் பெருக்கினால்தான் உப்பின் அளவு வரும்: 2 கிராம். பெரியவர் ஒருவருக்கு ஒரு நாள் முழுவதற்கும் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பே 5 கிராம். ஐந்து ரூபாய் கொடுத்து வாங்கும் பள்ளிச் சிறுவன் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டுத்தான் பாக்கெட்டைப் பிரிப்பானாம்!

விற்பவனுக்குத் தெரிந்தது வாங்குபவனுக்குத் தெரியாவிட்டால் சந்தை ஒழுங்காக இயங்காது. பி.காம். முதலாண்டு மாணவனுக்கே தெரிந்த பாடம் இது. அரசுக்குத் தெரியாதா? தெரியும். முன்பக்க எச்சரிக்கை வேண்டும் என்று நிபுணர் குழு 2014-லேயே சொல்லிவிட்டது. 2018-ல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் சிவப்பு அடையாளத்தோடு ஒரு வரைவு வெளியிட்டது. கம்பெனிகள் எதிர்த்தன. அது கிடப்பில் போனது.

அப்புறம் 2022-ல் வந்தது நட்சத்திர வரைவு. அரை நட்சத்திரம் முதல் ஐந்து வரை. அதுவும் முதல் நான்கு வருடம் விருப்பமிருந்தால் போட்டுக்கொள்ளலாமாம்!

நட்சத்திரம் என்றால் நம் ஊரில் பாராட்டு. ஃபிரிட்ஜுக்கும் ஓட்டலுக்கும் கொடுப்பது. ஒன்றரை நட்சத்திரம் வாங்கிய பண்டம்கூட ஏதோ பரிசு வாங்கியதுபோலத்தான் தெரியும். இன்னொரு வேடிக்கை, சர்க்கரைக்குக் கழித்த மதிப்பெண்ணை நார்ச்சத்தும் புரதமும் சேர்த்து மீட்டுக்கொள்ளலாம். சொத்தையும் கடனையும் தனித்தனியாகக் காட்டு என்பதுதான் பாலன்ஸ் ஷீட்டின் அரிச்சுவடி. இங்கே கடனைக் கழித்துவிட்டு மிச்சத்தை மட்டும் காட்டுகிறார்கள். பிஸ்கட்டில் சேர்த்த நார்ச்சத்து, அதில் இருக்கும் சர்க்கரையை இல்லாமல் ஆக்கிவிடுமா?

சிலி நாடு என்ன செய்தது? 2016-ல் கறுப்பு எண்கோண முத்திரை. சர்க்கரை அதிகம், உப்பு அதிகம் என்று நேரடியாகச் சொல்லிவிட்டது. முத்திரை விழுந்த பண்டத்தில் குழந்தைகளைக் கவரும் கார்ட்டூன் கூடாது. வரம்புகளை 2016, 2018, 2019 என மூன்று கட்டமாக இறுக்கியது. 2020-ல் மெக்சிகோவும் எண்கோண முத்திரையைக் கொண்டுவந்தது.

"உறையை மாற்றினால் செலவு" என்கிறார்கள். கிரிக்கெட் சீசனுக்கும் தீபாவளிக்கும் உறையை மாற்றும்போது வராத செலவா? "அப்பளம், ஊறுகாய் போடும் சிறு தொழில்கள் பாதிக்கப்படும்" என்பதில் கொஞ்சம் நியாயம் உண்டு. அவர்களுக்குக் கூடுதல் அவகாசம் கொடுங்கள். ஆனால் அவர்களைக் கேடயமாக நிறுத்திவிட்டுப் பெரிய கம்பெனிகள் பின்னால் ஒளிந்துகொள்ள வேண்டாம்.

2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மூன்று மாதம் கெடு வைத்தது. ஜூலையில் இன்னும் மூன்று மாதம் கூட்டிக் கொடுத்தது. 14,000-க்கும் மேல் கருத்துகள் வந்திருக்கின்றன என்பது ஆணையத்தின் பதில். அந்த வருடமும் முடிந்தது, முன்பக்கத்தில் முத்திரை வரவில்லை.

சைவப் பண்டத்துக்குப் பச்சைப் புள்ளி வைக்க 2000-களின் தொடக்கத்திலேயே இந்த நாட்டுக்குத் தெரிந்திருந்தது. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் அதைப் பார்த்துத்தான் வாங்குகிறார். பாக்கெட்டில் கறி இருக்கிறதா என்று ஒரு நொடியில் சொல்ல முடிகிறது. பேரனுக்கு அதில் எவ்வளவு உப்பும் சர்க்கரையும் போகிறது என்று மட்டும் சொல்ல முடியாதாம்!

முடியாமல் இல்லை... சொல்ல மனமில்லை.