ஹைதராபாத் ஊசி வேலூருக்கு எப்போது?

புதன்கிழமை தடுப்பூசி அட்டையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நர்ஸம்மா, டைபாய்டு ஊசி இதுல இல்லையா?" என்று தாய்மார் கேட்பார்கள். "இங்க இல்லம்மா, வெளியிலதான் போட்டுக்கணும்" என்பேன். வேலூர்ப் பக்கம் சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெறும்வரை இதே பதில்தான். வெளியில் என்றால் தனியார் கிளினிக்; ஊசி ஏறக்குறைய இரண்டாயிரம் ரூபாய். பீடி சுற்றும் வீட்டில் அதற்கு எங்கே போவார்கள்?

இத்தனைக்கும் இது நம் ஹைதராபாத்தில் பாரத் பயோடெக் தயாரிக்கும் ஊசி. பழைய டைபாய்டு ஊசி இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் எடுபடாது. இதை ஆறு மாதத்திலேயே போடலாம். ஏழை நாடுகளுக்காகத் தடுப்பூசி வாங்கும் 'காவி' என்ற சர்வதேச அமைப்பு, இந்த ஊசியைத் தலா சுமார் ஒன்றரை டாலருக்கு வாங்குகிறது. பாகிஸ்தானிலும் ஒரு ஹைதராபாத் உண்டு. 2016இல் அங்கே பரவிய டைபாய்டுக்கு செஃப்ட்ரியாக்ஸோன் என்ற வீரியமான ஆன்டிபயாடிக்கூடக் கேட்கவில்லை. 2019இல் சிந்து மாகாணப் பிள்ளைகளுக்கு இந்த ஊசியை இலவசமாகப் போட்டார்கள். 2022இல் நேபாளமும் வழக்கமான தடுப்பூசிகளோடு சேர்த்துக்கொண்டது.

நம் நிலவரம் என்ன? 2017 முதல் 2020 வரை டெல்லி, கொல்கத்தா, வேலூர் நகரக் குழந்தைகளைக் கண்காணித்ததில் டைபாய்டு மிகுந்திருந்தது வேலூரில்தான்: ஆண்டுக்கு லட்சம் குழந்தைகளில் ஆயிரம் பேருக்கு மேல். அதுவும் ரத்தத்திலிருந்து கிருமியை வளர்த்து உறுதிசெய்யும் 'கல்ச்சர்' சோதனையை அடிப்படையாகக் கொண்ட கணக்கு. தெருமுனை லேப்கள் தரும், அவ்வளவாக நம்ப முடியாத வைடால் சோதனைச் சீட்டையும் சேர்த்தால் ஊரில் பாதிப் பேருக்கு டைபாய்டு என்றாகிவிடும். அந்தச் சீட்டை நம்பி ஏற்றிய டிரிப்புக்கும் கொடுத்த மாத்திரைக்கும் அளவே இல்லை.

தண்ணீரைச் சுத்தமாகக் கொடுத்தால் ஊசி எதற்கு என்பார்கள். நியாயம்தான். ஆனால் விட்டுவிட்டுத் தண்ணீர் விடும் ஊரில், குழாய் காலியாகக் கிடக்கும் நேரத்தில் விரிசல் வழியே சாக்கடை உள்ளே போகிறது. அத்தனை குழாயையும் மாற்றி முடிப்பதற்குள் இன்று பிறந்த பிள்ளை பள்ளிக்கூடம் போய்விடும்.

தடுப்பூசிக்கான தேசிய ஆலோசனைக் குழு இந்த ஊசியை 2022இலேயே பரிந்துரைத்துவிட்டது. டெல்லியிலிருந்து உத்தரவு வரட்டும் என்று தமிழ்நாடு உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. நவி மும்பை மாநகராட்சி 2018இல் தானாகவே வாங்கிப் போட்டது. மருந்தை மொத்தமாகப் பேரம்பேசி வாங்க நமக்கென்று மருத்துவப் பணிகள் கழகமே இருக்கிறது. ஒன்பதாவது மாதம் தட்டம்மை ஊசிக்கு எப்படியும் பிள்ளையைத் தூக்கி வருகிறார்கள். கையில் அதைப் போட்டால், தொடையில் இதையும் போட்டுவிடலாம். தனி நாளும் வேண்டாம், தனி ஆளும் வேண்டாம்.