‘இஃப்’ என்னும் சிறுசொல்

ஆங்கிலத்தில் ‘இஃப்’ என்பது ஈரெழுத்துச் சொல்லே. ஆயினும் அச்சிறுசொல்லின் முன் தடுமாறாத மாணவரைக் காண்பது அரிது. ‘நாளை அவன் வந்தால் நான் போவேன்’ என்னும் எளிய கருத்தை ஆங்கிலத்தில் கூற முற்படும் நம் மாணவர், ‘இஃப் ஹி வில் கம் டுமாரோ, ஐ வில் கோ’ என்கின்றார். நாளைய செய்தி ஆதலின் இரண்டிடத்தும் எதிர்காலம் வரவேண்டும் என்பது அவர் கணிப்பு. ‘இஃப் ஹி கம்ஸ்’ என்பதே முறை என ஆசிரியர் திருத்துகின்றார். ஏன் என்று மாணவர் கேட்பதில்லை. கேட்பினும் ‘அது விதி’ என்பதே விடையாகக் கிடைக்கின்றது. முதல் வகை, இரண்டாம் வகை, மூன்றாம் வகை என மனனம் செய்து, தேர்வு முடிந்த மறுநாளே மறந்துவிடுகின்றார்.

இவ்விடர்ப்பாட்டிற்கு மருந்து ஆங்கில வகுப்பில் மட்டுமன்று, தமிழ் வகுப்பிலும் உண்டு என்பது என் கருத்து.

நன்னூலார் ‘செயின்’ என்னும் வாய்பாட்டை எதிர்கால வினையெச்சங்களுள் ஒன்றாக வைத்தார். ‘மழை பெய்யின் பயிர் விளையும்’ என்பது அவ்வகை. இன்றைய வழக்கில் ‘பெய்யின்’ என்பதன் இடத்தைப் ‘பெய்தால்’ பெற்றுள்ளது. அச்சொல்லைப் பிரித்து நோக்குக. இடையில் நிற்கும் தகரம் இறந்தகாலம் காட்டும் இடைநிலை. நாளை பெய்யவிருக்கும் மழையைப் பற்றிப் பேசும்போதும் நாம் ‘பெய்தால்’ என்கின்றோமேயன்றி, எவரும் ‘பெய்வால்’ என்பதில்லை. அவ்வாறே ‘வந்தால்’ உண்டு, ‘வருவால்’ இல்லை. எதிர்காலக் குறி தலைமை வினையில் மட்டுமே அமைகின்றது. ‘இஃப்’ வரும் பகுதியில் ‘வில்’ வேண்டாம் என்னும் ஆங்கில விதியின் உட்கருத்தும் பெரிதும் இதுவே. தாய்மொழியில் பிழையின்றிப் பேசும் பிள்ளை, அதே நெறியை அயன்மொழியில் மறந்துவிடுவது அவன் அறிவின் குறையன்று. இரண்டையும் இணைத்துக் காட்டாத நம் குறையே.

அரபி கற்ற மாணவருக்கு இது மேலும் எளிதில் விளங்கும். நாள்தோறும் நாம் நாவாரச் சொல்லும் ‘இன்ஷா அல்லாஹ்’ என்பதே ஒரு நிபந்தனைத் தொடர். ‘இன்’ என்பது நம் ‘ஆல்’ விகுதியின் பணியைச் செய்கின்றது. ‘ஷாஅ’ என்பது இறந்தகால வடிவம். வருங்காலச் செயலைக் குறித்தே இதனைக் கூறுகின்றோம், வடிவமோ இறந்தகாலம். நடக்கக்கூடிய நிபந்தனைக்கு ‘இன்’ என்றும், நடவாததைக் கருதிப் பார்ப்பதற்கு ‘லவ்’ என்றும் அம்மொழி தனித்தனிச் சொற்களை வைத்திருப்பதும் கருதத்தக்கது. நம் ஊர்ப் பெரியவர்கள் பயின்ற பிரெஞ்சு மொழியிலும் ‘ஸி’ என்னும் நிபந்தனைச் சொல்லை அடுத்து எதிர்கால வினை வருவதில்லை.

இனி மூவகைகளையும் தமிழில் வைத்துப் பார்ப்போம். ‘படித்திருந்தால் தேறியிருப்பேன்’ என்பதில் படிக்கவில்லை, தேறவில்லை என்னும் இரண்டும் தெளிவு. ‘இஃப் ஐ ஹேட் ஸ்டடீட், ஐ வுட் ஹேவ் பாஸ்ட்’ என்னும் மூன்றாம் வகை இதனோடு அச்சொட்டாகப் பொருந்துகின்றது. முதல் வகையும் ‘பெய்தால்’ என்பதோடு ஒத்துச் செல்கின்றது. இடறும் இடம் இரண்டாம் வகையே. ‘பணம் இருந்தால் வாங்குவேன்’ என்கின்றோம். பணம் இருக்கக்கூடுமா, இல்லவே இல்லையா என்பதைத் தமிழ் சூழலுக்கு விட்டுவிடுகின்றது. ஆங்கிலமோ பேசுவோனைத் தெளிவுபடுத்தச் சொல்கின்றது. இருக்கக்கூடுமெனில் ‘இஃப் ஐ ஹேவ் மணி, ஐ வில் பை’. இல்லை என்று அறிந்தே கூறின் ‘இஃப் ஐ ஹேட் மணி, ஐ வுட் பை’. இவ்வோர் இடத்தை மட்டும் ஆசிரியர் அழுத்திக் கற்பித்தால் பெரும்பாலான பிழைகள் அகலும்.

‘அன்லெஸ்’ என்னும் சொல்லும் இத்தகையதே. எதிர்மறை அதனுள்ளேயே அடங்கியிருக்கின்றது. ‘படித்தாலன்றி’ என்று தமிழில் ஒருமுறை சொல்லிப் பார்த்தவர், அதனோடு இன்னொரு ‘நாட்’ சேர்க்க மாட்டார்.

இது மதிப்பெண்ணோடு முடியும் செய்தியன்று. இதனை நம் காரைக்கால் மண் நன்கறியும். 1739இல் பிரெஞ்சுக்காரர் வசமான இவ்வூர், 1954 நவம்பர் 1 அன்று நடைமுறையில் இந்திய ஆட்சியின்கீழ் வந்தது. 1956 மே 28இல் கையெழுத்தான உடன்படிக்கை, 1962 ஆகஸ்ட் 16இல் நடைமுறைக்கு வந்தது. இங்குப் பிறந்து இங்கேயே வாழ்ந்த பிரெஞ்சுக் குடிமக்கள் இந்தியக் குடிமக்கள் ஆவர்; ஆறு திங்களுக்குள் எழுத்து மூலம் அறிவித்தால் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொள்ளலாம் என்பது அதில் கண்ட ஏற்பாடு. வாளாவிருப்பதும் அங்கே ஒரு விடையாயிற்று. ‘அன்றே அறிவித்திருந்தால்’ என்று பின்னாளில் எண்ணியவர் எவரேனும் இருப்பின், அவருக்கு அத்தொடர் வெறும் இலக்கணம் அன்று. ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறைகள் எந்நாட்டில் வாழும் என்பதை ஒரு ‘ஆல்’ தீர்மானிக்க வல்லது.

இன்றும் நம் இளைஞர்கள் வளைகுடாவிற்கும் பிரான்சிற்கும் சிங்கப்பூருக்கும் செல்லுமுன் ஒப்பந்தத்தாளில் ஒப்பமிடுகின்றனர். எது நிகழ்ந்தால் ஊதியம் பிடிக்கப்படும், எது செய்தாலன்றி விடுப்பு கிடைக்காது என்பன யாவும் ‘இஃப்’, ‘அன்லெஸ்’ என்னும் சொற்களுக்குள் அடங்கிக் கிடக்கின்றன. அவற்றைப் படித்துணராமல் இடும் கையொப்பம், படிக்காமலே எழுதும் தேர்வினும் இடர் மிக்கது.

தாய்மொழியைக் கலந்தால் ஆங்கிலப் பேச்சு வளராது என்பார் உளர். பயிற்சி ஆங்கிலத்திலேயே நடக்கட்டும். அதில் எனக்கு மாறுபாடில்லை. ஆனால் காரணம் விளங்க வேண்டுமெனில், அது விளங்கும் மொழியில் சொல்லப்பட வேண்டும். காரணம் அறிந்து செய்யும் பயிற்சியே நிலைத்து நிற்கும்.

ஆகவே, கல்லூரியின் தமிழ்த்துறையும் ஆங்கிலத்துறையும் அரபித்துறையும் பருவந்தோறும் ஓரிரு வகுப்புகளையேனும் ஒன்றாக நடத்த முன்வர வேண்டும். வினையெச்சம் கற்பிக்கும் தமிழாசிரியர் கரும்பலகையில் ஓர் ஆங்கிலத் தொடரையும் எழுதட்டும். ஆங்கில ஆசிரியர் ‘வருவால் என்று சொல்வாயா?’ என ஒரு கேள்வியைத் தமிழில் கேட்கட்டும். மாணவச் செல்வங்களே, நீங்களும் ஆங்கில இலக்கணத்தைக் கண்டு அஞ்ச வேண்டா. அதன் பாதித் திறவுகோல் உங்கள் நாவிலேயே இருக்கின்றது. முயன்றால் முடியும், முயன்றிருந்தால் முடிந்திருக்கும் என்று பின்னாளில் வருந்தும் நிலை உங்களுக்கு வாராதிருக்கட்டும்.