வரவு செலவு: பிரேக்கும் உத்தரவாதமும்

மும்பை மழையில் நமது காரின் பிரேக் கிறீச்சிட்டது. ஈரத்தால் எழும் ஓசையென்று ஒரு மாதம் வாளாவிருந்தோம். பட்டறையில் கழற்றிப் பார்க்கையில் பேட் முற்றும் தேய்ந்து, அதன் இரும்புத் தகடு டிஸ்க்கை வரிவரியாய்க் கீறியிருந்தது. பணங்கொடுத்து நீட்டித்த உத்தரவாதப் பத்திரத்தைக் காட்டினோம். பேட், டிஸ்க், லைனிங் யாவும் தேய்மானப் பொருள்கள். அதில் அடங்கா என்றனர். பொடி எழுத்தில் அவ்வாறே அச்சிட்டிருந்தது. படியாதது நம் பிழை!

விலைமிக்க ஏ.பி.எஸ். கருவி தானே பழுதுற்றால் அப்பத்திரம் பெரும்பாலும் கைகொடுக்கும். ஆயினும் உரிய காலத்தில் பராமரித்த ரசீதுகள் வேண்டும். பிரேக் திரவம் காற்றின் ஈரத்தை உறிஞ்சுவது. ஏறத்தாழ 2 ஆண்டுக்கொருமுறை மாற்றத்தக்கது. அன்பர்கள் பத்திரம் வாங்குமுன் விலக்குப் பட்டியலைக் கேட்டுப் படிப்பார்களாக. நாம் இவ்வாண்டு அதனைப் புதுப்பிக்கவில்லை; அத்தொகையைப் பிரேக்குக்கென்றே தனியே எடுத்துவைத்துள்ளோம்.