"வேண்டாம்"னு சொன்னா என்ன ஆகும்?



நம்ம பக்கத்துல கிறிஸ்தவர் ஒருவர் பெயரோட ஒரு பதிவு வந்தா போதும். அடுத்த அஞ்சு நிமிஷத்துல கீழே வந்து நிக்கும் அந்தக் கமெண்ட்: "அரிசி மூட்டை". அதாவது, உன் பாட்டன் பூட்டன் ஒரு மூட்டை அரிசிக்கு மதம் மாறினவன், உனக்கு என்னடா பேச்சு என்று அர்த்தம். இதையே கோட் சூட் போட்டுச் சொன்னால் அதற்குப் பெயர் "கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம்".

இரண்டுக்கும் சேர்த்து இன்று பதில் சொல்லிவிடுவோம். கொஞ்சம் நீளம்தான். பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் ஒன்று. கிறிஸ்தவ மதப் பரப்பலில் கட்டாயமே இருந்ததில்லை என்று நாம் சொல்லவில்லை. இருந்தது. போர்த்துக்கீசியர் கோவாவில் செய்தது கட்டாயம்தான். கோயில்களை இடித்தார்கள். அனாதையான இந்துக் குழந்தைகளைப் பாதிரியார்களிடம் ஒப்படைத்து ஞானஸ்நானம் கொடுக்கச் சொல்லி 1559-ல் அரச ஆணையே போட்டார்கள். 1560-ல் தொடங்கிய மத விசாரணை மன்றம் 1812-ல்தான் ஒரேயடியாக ஒழிந்தது. முத்துக்குளித்துறையில் 1530-களில் பரதவர்கள் கூட்டமாக ஞானஸ்நானம் பெற்றதற்குப் பின்னால் போர்த்துக்கீசியக் கப்பல் படையின் பாதுகாப்பு என்ற பேரம் இருந்தது. இதை மறைத்துவிட்டு யாரும் மதச்சார்பின்மை பேச வேண்டாம்.

ஆனால் அதே கடற்கரையில் இன்னொரு கதையும் இருக்கிறது. 1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார் சீகன்பால்க். டென்மார்க் அரசர் அனுப்பிய ஆள்தான். ஆனால் அங்கே கோட்டையை ஆண்ட டேனிஷ் தளபதிக்கே அவரைப் பிடிக்கவில்லை. நாலு மாதம் சிறையில் தள்ளினார். அதிகாரம் கையில் இல்லாத மனுஷன் என்ன செய்வார்? தமிழ் கற்றார். ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து வாதம் செய்தார், அவர்கள் கேட்ட கேள்விக்குப் பதில் தேடினார். அச்சுக்கூடம் வைத்தார், 1715-ல் தமிழில் புதிய ஏற்பாடு வந்தது. வாதத்துக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் கேட்டுவிட்டு, சிரித்துவிட்டு, தங்கள் சாமியைக் கும்பிடப் போனார்கள். அவர்களை அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

ரெண்டு கதைக்கும் நடுவுல என்ன வித்தியாசம்? ஒரே கேள்வியில் தெரிந்துவிடும். "வேண்டாம்"னு சொன்னா என்ன ஆகும்?

கோவாவில் வேண்டாம் என்றால் வீடு போகும், ஊர் போகும். தரங்கம்பாடியில் வேண்டாம் என்றால் ஒன்றும் ஆகாது. வேண்டாம் என்று சொன்னவனுக்கு எதுவும் பறிபோகாவிட்டால் அது பேச்சு, வாதம், பிரச்சாரம். பறிபோனால் அது மிரட்டல். பேசுகிறவர் எவ்வளவு உருக்கமாகப் பேசினார், எத்தனை பேர் மாறினார்கள், அவர் கையில் பைபிள் இருந்ததா கீதை இருந்ததா என்பதெல்லாம் அப்புறம்.

பஸ் ஸ்டாண்டில் துண்டுப் பிரசுரம் நீட்டுகிறார் ஒருவர். வாங்கிப் படிக்கலாம், கசக்கிப் போடலாம். பஸ் அதே நேரத்துக்குத்தான் கிளம்பும். அதுல எங்க இருக்கு கட்டாயம்?

சரி, அரிசி மூட்டைக்கு வருவோம்.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தின்று தீர்த்த தாது வருடப் பஞ்சம். பட்டினியில் செத்தவர்கள் லட்சக்கணக்கில். அந்தக் காலத்திலும் அதை ஒட்டியும் திருநெல்வேலிச் சீமையில் ஊர் ஊராக மக்கள் சபைகளில் சேர்ந்தார்கள். உண்மைதான். பசியில் கிடந்தவன் கஞ்சி கொடுத்தவர் பக்கம் போனான். இதில் வெட்கப்பட வேண்டியவன் கஞ்சி குடித்தவனா? கொத்துக் கொத்தாகச் செத்தபோதும் தானியத்தைக் கப்பலில் ஏற்றிய வெள்ளைக்கார அரசா? களஞ்சியத்தைப் பூட்டி வைத்தவர்களா? அதுவும் போகட்டும். பஞ்சம் 1878-ல் முடிந்தது. மூட்டை தீர்ந்து ஏறக்குறைய 150 வருஷம் ஆகிறது. அந்த ஊர்களில் கோயில் மணி இன்னும் அடிக்கிறதே, அதற்கு எந்த மூட்டை?

இன்னும் கொஞ்சம் தெற்கே போங்கள். திருவிதாங்கூர் ஆட்சியில் இருந்த இன்றைய கன்னியாகுமரி மாவட்டம். கிறிஸ்தவத்துக்கு மாறிய நாடார் பெண்கள் மேலாடை போட்டுக்கொண்டு சந்தைக்குப் போனார்கள். அதைக் கிழித்து எறிந்தது யார்? வீடுகளைக் கொளுத்தியது யார்? பல பத்தாண்டுப் போராட்டத்துக்குப் பிறகு, 1859-ல்தான் நாடார் பெண்கள் மாரை மறைத்துக்கொள்ளலாம் என்று அரசாணை வந்தது. மதம் மாறியதற்காக ஒரு பெண்ணின் ரவிக்கையைக் கிழிப்பது பலவந்தம். அந்தப் பலவந்தத்தைத் தடுக்க இன்றுவரை எந்த "மதச் சுதந்திரச் சட்டத்திலும்" ஒரு பிரிவு எழுதப்படவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது அந்தச் சட்டங்களைப் பார்ப்போம். மாதிரிக்கு, எல்லோரும் உச்சியில் வைத்துக் கொண்டாடுகிற உத்தரப்பிரதேசச் சட்டம், 2021.

அதில் "ஆசை காட்டுதல்" என்றால் என்ன தெரியுமா? பணம், பரிசு, வேலை. சரி, புரிகிறது. அப்புறம் மத அமைப்பு நடத்துகிற நல்ல பள்ளியில் இலவசப் படிப்பு. அப்புறம் "மேலான வாழ்க்கை முறை". அப்புறம் தெய்வக் கோபம். ஆமாங்க, தெய்வக் கோபம்! "பொய் சொன்னா சாமி கண்ணைக் குத்தும்"னு சொல்லாத பாட்டி நம்ம ஊர்ல உண்டா? நரகத்தைப் பற்றிப் பேசாத மதம் எது? இந்த வரையறைப்படி பார்த்தால் பிரசங்கம் செய்கிற எவரையும் பிடிக்கலாம். அதுக்குத்தான் அப்படி எழுதி வச்சிருக்காங்க.

மதம் மாற விரும்புகிறவர் 60 நாளைக்கு முன்பே மாவட்ட ஆட்சியரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். மாறிய பிறகு இன்னொரு அறிவிப்பு. அதை ஆட்சியர் அலுவலக நோட்டீஸ் போர்டில் ஒட்டுவார்கள், ஆட்சேபம் இருப்பவர்கள் வரலாம். கட்டாயம் இல்லை என்று நிரூபிக்கிற பாரம் குற்றம் சாட்டப்பட்டவர் தலையில். 2024 திருத்தத்துக்குப் பிறகு யார் வேண்டுமானாலும் புகார் கொடுக்கலாம், சில குற்றங்களுக்கு ஆயுள் தண்டனை வரை போகலாம்.

அண்ணல் அம்பேத்கர் நாக்பூரில் லட்சக்கணக்கான மக்களோடு பௌத்தம் தழுவியது 1956 அக்டோபர் 14. அவர் மறைந்தது டிசம்பர் 6. நடுவில் 53 நாள். இந்தச் சட்டம் அன்று இருந்திருந்தால், 14-ம் தேதி மனு கொடுத்த அவர் நோட்டீஸ் காலம் முடியும் முன்பே செத்திருப்பார். இந்து மதத்தில் சாக மாட்டேன் என்று 1935-ல் சொன்ன சொல்லை ஓர் அலுவலகக் கோப்பு பொய்யாக்கியிருக்கும்.

அதே சட்டத்தில் இன்னொரு வரி இருக்கிறது. ஒருவர் தன் முந்தைய மதத்துக்குத் திரும்பினால் அது மதமாற்றமாகக் கருதப்படாது! போறதுக்கு 60 நாள், ஆட்சியர், விசாரணை, ஜெயில். திரும்பி வர்றதுக்கு ஒண்ணும் வேண்டாம். "கர் வாப்ஸி"க்கு மேளதாளம், சுவிசேஷக் கூட்டத்துக்கு போலீஸ் ஜீப். கட்டாயத்தைத் தடுப்பதுதான் நோக்கம் என்றால், திரும்பி வருகிறவரைக் கட்டாயப்படுத்தினார்களா என்று கேட்கக்கூட ஒரு பிரிவு இருந்திருக்க வேண்டாமா?

இதன் வேர் 1967 ஒடிசா, 1968 மத்தியப் பிரதேசச் சட்டங்கள். 1977 ஜனவரியில், நெருக்கடி நிலை இன்னும் நீங்காத காலத்தில், ஸ்டேனிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அவை செல்லும் என்றது. 25-ஆவது பிரிவு தரும் "பரப்பும் உரிமை" இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்றது. தீர்ப்பை மதிக்கிறோம், ஏற்கவில்லை. யாரும் மனம் மாறக் கூடாது என்றால் எதற்காகப் பரப்புவது? ஓட்டுக் கேட்கலாம், ஆனால் யாரும் உனக்கு ஓட்டுப் போட்டுவிடக் கூடாது என்பது மாதிரி இருக்கிறது! அந்தச் சொல் அரசமைப்பில் தற்செயலாக நுழைந்ததும் அல்ல. 1948 டிசம்பரில் அரசமைப்பு அவையில் அதை எடுக்கச் சொல்லிச் சிலர் வாதாடியபோது அதற்காக எழுந்து பேசியவர்களில் ஒருவர் சென்னையிலிருந்து போன டி.டி.கிருஷ்ணமாச்சாரி. கிறிஸ்தவ நிறுவனங்களில் 14 வருஷம் படித்தேன், யாரும் என்னை மதம் மாற்றப் பார்க்கவில்லை என்று அவையிலேயே சொன்னவர். அவர் திராவிட இயக்கத்து ஆள் இல்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

தமிழ்நாடும் இந்தப் பாதையில் ஒரு தடவை போனது. 2002-ல் ஜெயலலிதா அரசு அவசரச் சட்டம் போட்டு, பிறகு சட்டமே ஆக்கியது. 2004 மக்களவைத் தேர்தலில் மக்கள் பதில் சொன்னதும் அதே மே மாதம் அவரே திரும்பப் பெற்றார். அந்தச் சட்டத்தில் ஒரு விஷயத்தை மட்டும் மறக்காதீர்கள். பொதுவாக 3 வருஷச் சிறை. மதம் மாற்றப்பட்டவர் சிறுவராகவோ, பெண்ணாகவோ, பட்டியல் சாதி, பழங்குடியினராகவோ இருந்தால் 4 வருஷம். பெண்ணுக்கும் தலித்துக்கும் குழந்தைக்கும் ஒரே வரிசை! மருத்துவம் படித்த பெண்ணாக இருந்தாலும், சுயபுத்தி இல்லாத பிள்ளை மாதிரி யாரோ ஏமாற்றிவிடுவார்களாம். "அரிசி மூட்டை" கமெண்ட் போடுகிறவனும் அதைத்தான் நினைக்கிறான். இந்தச் சட்டத்தைத் திரும்பக் கொண்டு வா என்று இன்று கேட்கிறவர்களும் அதைத்தான் நினைக்கிறார்கள்.

2025 ஜூலையில் சத்தீஸ்கர் துர்க் ரயில் நிலையத்தில் கேரளத்தைச் சேர்ந்த இரண்டு கன்னியாஸ்திரிகளைப் பிடித்தார்களே, நினைவிருக்கிறதா? கூட வந்த பழங்குடிப் பெண்களின் குடும்பத்தார், நாங்கள் ஏற்கெனவே கிறிஸ்தவர்கள், சம்மதித்துத்தான் வேலைக்கு அனுப்பினோம் என்றார்கள். அந்தப் பெண்களின் சம்மதத்தை யார் காதில் வாங்கினார்கள்? ஒரு வாரத்துக்கும் மேல் சிறையில் கிடந்த பிறகுதான் ஜாமீன் கிடைத்தது.

சரி, உண்மையாகவே ஆசை காட்டுவது யார்?

1950 குடியரசுத் தலைவர் ஆணை, 3-ஆம் பத்தி. இந்து அல்லாதவர் பட்டியல் சாதி ஆக முடியாது. 1956-ல் சீக்கியர்களைச் சேர்த்தார்கள், 1990-ல் பௌத்தர்களை. தலித் கிறிஸ்தவருக்கும் தலித் முஸ்லிமுக்கும் இன்றுவரை கதவு சாத்தித்தான் இருக்கிறது. ஞானஸ்நானம் எடுத்த அன்றே பட்டியல் சாதி இடஒதுக்கீடு போச்சு, தனித்தொகுதி போச்சு, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் போச்சு. சாதி போனதா? வடக்கன்குளத்தில் சாதிக்கு ஒரு கையாகப் பிரித்து, கால்சட்டை வடிவத்தில் சர்ச்சே கட்டினார்கள். தெருக்காரன் பார்வையிலும் அவன் அதே சாதிதான். ஆனால் இந்து மதத்துக்குத் திரும்பி, பழைய சாதி தன்னைச் சேர்த்துக்கொண்டது என்று காட்டினால் சான்றிதழ் திரும்பக் கிடைக்கும் என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பே இருக்கிறது.

இப்ப அந்தக் கேள்வியை இங்க போட்டுப் பாருங்க. கோயிலுக்குப் போகிற தலித் "இனி வேண்டாம்" என்று சொன்னால் என்ன ஆகும்? மகன் கல்லூரி இடமும் மகள் அரசு வேலையும் போகும். இருந்தால் இது, போனால் இது இல்லை, வந்தால் மறுபடி இது. இதுக்குப் பேர் ஆசை காட்டுதல் இல்லையா? இந்தியாவிலேயே பெரிய அரிசி மூட்டை டெல்லியில் இருக்கிறது தோழர்களே!

நம்மோடு நிற்கும் கிறிஸ்தவத் தோழர்களிடமும் ஒரு வார்த்தை. கசந்தாலும் சொல்லியாக வேண்டும். விடுதியில் தங்கிப் படிக்கிற பன்னிரண்டு வயசுப் பிள்ளையால் வார்டனிடம் "ஜெபத்துக்கு வர மாட்டேன்" என்று சொல்ல முடியுமா? அரசு உதவி பெறும் பள்ளியில் பெற்றோர் சம்மதம் இல்லாமல் பிள்ளையை வழிபாட்டில் உட்கார வைக்கக் கூடாது என்று 28-ஆவது பிரிவு சொல்கிறது. அதைக் கடைப்பிடியுங்கள். ஆபரேஷனுக்குப் படுத்திருப்பவரின் தலைமாட்டில் அழைக்காமல் போய் நிற்காதீர்கள். மாத்திரையை நிறுத்து, விசுவாசம் போதும் என்று மேடையில் கத்துகிற ஊழியரை நாங்கள் திட்டும் முன் நீங்கள் திட்டுங்கள். வெள்ள நிவாரணப் பையில் பிரசுரத்தைச் சொருகாதீர்கள், பையைத் தனியாகக் கொடுங்கள், பிரசுரத்தை இன்னொரு நாள் கொடுங்கள். இது எங்கள் உபதேசம் இல்லை. ஏழைகளிடமும் படிக்காதவர்களிடமும் கட்டாயம்போலத் தோன்றுகிற எதுவும் கூடாது என்று 1965-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கமே எழுதி வைத்திருக்கிறது. உங்கள் பைபிளில் இயேசுவிடம் வந்த பணக்கார வாலிபன் முகம் வாடித் திரும்பிப் போனானே, அவர் பின்னாலேயே ஓடிப் போய்ப் பிடித்தாரா?

மிரட்டினால், ஏமாற்றினால், குழந்தையை வற்புறுத்தினால் பிடிக்க ஏற்கெனவே குற்றச் சட்டம் இருக்கிறது. அதற்கு மதத்தின் பெயரில் தனிச் சட்டம் தேவையில்லை. 3-ஆம் பத்தி நீக்கப்பட வேண்டும். 2007-ல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் சொன்னது, 2023 ஏப்ரலில் நம் சட்டமன்றமும் தலித் கிறிஸ்தவர்களுக்குப் பட்டியல் சாதித் தகுதி கேட்டுத் தீர்மானம் போட்டது. ஒன்றிய அரசு 2022-ல் இன்னொரு ஆணையம் போட்டு நாளைக் கடத்தியது.

அடுத்த தடவை யாராவது "அரிசி மூட்டை"ன்னு கமெண்ட் போட்டா, கோபப்பட்டுக் கெட்ட வார்த்தையில் இறங்காதீர்கள். அந்த 3-ஆம் பத்தியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அவர் கமெண்டுக்குக் கீழேயே ஒட்டுங்கள். இந்த மூட்டை யாரோடதுன்னு கேளுங்க.