பத்தாம் வகுப்பு வாசலிலே



மூன்று ஆண்டுகளுக்கு முன், பத்தாம் வகுப்பில் சிறப்பாகத் தேறிய மாணவி ஒருத்திக்கு ஞாயிறு திருப்பலி முடிவில் பேனா ஒன்றைப் பரிசளித்து ஆசீர் வழங்கினோம். சென்ற ஆண்டு மேனிலைத் தேர்வு முடிவு வெளிவந்த மறுநாள், அவள் தன் தாயுடன் பங்கு இல்லத்துக்கு வந்தாள். "நர்சு படிப்புல சேக்கணும் சாமி, ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க" என்றார் தாய். மதிப்பெண் பட்டியலைப் பார்த்தோம். இயற்பியல், வேதியியல், கணிதம், கணிப்பொறி அறிவியல். உயிரியல் இல்லை! தோழியர் சேர்ந்த பிரிவிலேயே தானும் சேர்ந்ததாக அவள் மெல்லிய குரலில் கூறினாள். நான்காண்டுச் செவிலியப் பட்டப் படிப்புக்கு உயிரியல் இன்றியமையாதது என்று அவளுக்கு எவரும் சொல்லவில்லை. எவரும் என்றால், பேனா கொடுத்த நாமுந்தான்.

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடைப்பட்ட நம் கடற்கரை ஊர்களுக்கு அண்ணாமலைநகர் தொலைவன்று. 1985இல் அங்கே தொடங்கப்பெற்ற மருத்துவக் கல்லூரியின் கட்டணம் எளியோர்க்கு எட்டாததாயிருந்தது. பல்கலைக்கழகம் 2013இல் அரசின் பொறுப்பில் வந்த பின்னரும் அந்நிலை மாறவில்லை. 2020 இறுதியில் மாணவர்கள் பல வாரங்கள் போராடினர். 2021இல் அது கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரியாயிற்று; கட்டணமும் இறங்கியது. மேலும், அரசுப் பள்ளியில் பயின்றோர்க்கு மருத்துவ இடங்களில் 7.5 விழுக்காடு ஒதுக்கும் சட்டம் 2020இல் நிறைவேறியது. அதற்கு முன்னர் அரசுப் பள்ளியிலிருந்து மருத்துவக் கல்லூரிக்குள் நுழைந்தோர் விரல்விட்டு எண்ணத்தக்கவரே. அவ்வோராண்டிலேயே ஏறத்தாழ 400 பேர் இடம் பெற்றனர். நீட் தேர்வு என்னும் மதில் இன்னும் நிற்கிறது, உண்மை. ஆயினும் தமிழ்நாட்டில் செவிலியப் பட்டப் படிப்புக்கு மேனிலைத் தேர்வு மதிப்பெண்ணே போதும். இச்செய்திகளெல்லாம் செய்தித்தாளில் வந்தவைதாம். வலை பின்னும் வீட்டுத் திண்ணைக்கு அவை வந்து சேரவில்லை.

யார் கொண்டு வருவது? ஆசிரியர் சொன்னால் பாடம், நாம் சொன்னால் பிரசங்கம். ஐந்தாறு வயதே மூத்த, அதே ஊர்ப் பேச்சுப் பேசும் ஒரு அக்கா சொன்னால் பிள்ளைகள் கேட்கின்றனர். இது நமக்கு மட்டும் தோன்றிய எண்ணமன்று. ஆஸ்திரேலியாவில் மருத்துவம், செவிலியம் பயிலும் பல்கலைக்கழக மாணவர் தமக்குள் மன்றங்கள் அமைத்துக்கொண்டு, நாட்டுப்புற உயர்நிலைப் பள்ளிகளுக்கு நேரில் சென்று இப்படிப்புகளைப் பற்றி எடுத்துரைக்கின்றனர். நாட்டுப்புறத்தில் பிறந்து வளர்ந்தவரே பயின்றபின் நாட்டுப்புறத்தில் பணியாற்ற மிகுதியும் முன்வருவர் என்பதால், அத்தகைய மாணவரைச் சேர்க்குமாறு உலக நலவாழ்வு நிறுவனமும் 2010இல் பரிந்துரைத்தது.

ஆகவே, விடுமுறைக்கு ஊர் வந்திருந்த செவிலிய மாணவி ஒருவரையும் அவர்தம் தோழியர் இருவரையும் ஒரு மாலை நம் சமூகக் கூடத்துக்கு அழைத்தோம். அவர்கள் சொற்பொழிவாற்றவில்லை. ஸ்டெதஸ்கோப்பை ஒரு பையனிடம் கொடுத்துத் தன் தம்பியின் நெஞ்சொலியைக் கேட்கச் செய்தனர். அவன் முகம் மாறியதை நாம் கண்டோம். "ரத்தத்தப் பாத்தா மயக்கம் வராதாக்கா?" என்றாள் ஒரு சிறுமி. "எனக்கு மொத நாளே வந்துச்சு. தண்ணி குடிச்சுட்டுத் திரும்பப் போனேன்" என்றார் அந்த மாணவி. கூடம் முழுவதும் சிரித்தது.

பின்சுவரோரம் நின்ற தாய்மார் சிரிக்கவில்லை. "ராத்திரி டூட்டிக்குப் பொம்பளப் புள்ளைய எப்படி அனுப்புறது?" என்றார் ஒருவர். நியாயமான அச்சந்தான்; அதை அறியாமை என்று தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை. 1890களில், கடலூரைத் தலைநகராகக் கொண்டிருந்த பழைய தென்னாற்காடு மாவட்டத்துத் திண்டிவனத்தில், மருத்துவ மறைபணியாளர் ஒருவரின் மகளான ஐடா ஸ்கடர் ஓரிரவு கண்டதை அத்தாய்மார்க்குச் சொன்னோம். பேறுகால வேதனையிலிருந்த மனைவியர்க்காக மூன்று கணவர் அடுத்தடுத்து வந்தனர். ஆண் மருத்துவர் வேண்டாமென்றனர். அம்மூன்று பெண்களும் அவ்விரவே மாண்டனர். மருத்துவம் பயின்று 1900இல் திரும்பிய அவ்வம்மையாரே வேலூரில் 1909இல் செவிலியர் பயிற்சியையும், 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் தொடங்கினார்.

நம் திருச்சபையும் இதில் தாமதித்ததே. கன்னியர் மகப்பேறு மருத்துவம் பார்ப்பதற்கிருந்த தடை 1936இல்தான் நீங்கிற்று. அதற்கு அன்னா டெங்கல் போன்றோர் பல்லாண்டுகள் வாதாட வேண்டியிருந்தது. இதையும் மறைக்காமல் சொன்னோம். தாய்மார் உடனே இசைந்துவிட்டனர் என்று சொல்வதற்கில்லை. விடுதியில் காவல் உண்டா, இரவுப்பணிக்கு வண்டி வருமா என்று மேலும் கேட்டனர். மாணவியர் ஒவ்வொன்றுக்கும் விடையளித்தனர்.

ஒன்றில் மட்டும் தவறினோம். அக்கூட்டத்தை மே மாத இறுதியில் வைத்தோம். அதற்குள் சிலர் பதினோராம் வகுப்பிற்குப் பிரிவு எழுதிக் கொடுத்துவிட்டிருந்தனர். தலைமையாசிரியரிடம் சென்று இருவருக்கு மாற்றிக்கொடுக்க வேண்டியதாயிற்று. இவ்வேலை பொங்கல் விடுமுறையிலேயே நடக்கவேண்டும். நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் முகாமுக்கு ஊர்களுக்கு வரும் கல்லூரி மாணவர், சாலையோரம் செடி நடுவதோடு ஒரு மாலையை இதற்கும் ஒதுக்கலாம். கூடம் தருகிறோம், தேநீரும் தருகிறோம்.

அன்று தேநீர் வழங்கியவள் அந்தப் பேனாப் பெண்ணேதான். செவிலிய மாணவி அவள் மதிப்பெண்களை விசாரித்துவிட்டு, "கணக்குப் படிச்சவங்களும் மருந்தாளுநர் டிப்ளமோ சேரலாமே!" என்றார். நமக்கே அது புதுச்செய்தி. இப்போது முதலாண்டு படிக்கிறாள். சென்ற ஞாயிறு நம் இரத்த அழுத்த மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, காலாவதித் தேதி முடிந்துவிட்டது என்று கடிந்துகொண்டாள்.