மருந்து முகம் மறைக்கலாம். நாம் ஏன் மறைக்க வேண்டும்?

கொரட்டூரில் ஞாயிறுதோறும் கூடும் எங்கள் படிப்பு வட்டத்தில், பார்மசி படிக்கும் தங்கை ஒருத்தி போன வாரம் நானோ மருந்து பற்றி வகுப்பெடுத்தாள். "இதுக்கும் நம்ம அரசியலுக்கும் என்னக்கா சம்பந்தம்?" என்று ஒரு தம்பி கேட்டான். சம்பந்தம் இருக்கிறது தோழர்களே.

டாக்சோரூபிசின் பல புற்றுநோய்களுக்குத் தரப்படும் பழைய மருந்து. அளவு கூடினால் இதயத்தைக் கெடுக்கும். அதனால் அதைக் கொழுப்பாலான நுண்குமிழிக்குள் அடைத்துப் பார்த்தார்கள். ஆனால் ரத்தத்தில் உள்ள புரதங்கள் குமிழியின் மேல் ஒட்டிக்கொண்டன. அந்த அடையாளத்தை வைத்தே கல்லீரலிலும் மண்ணீரலிலும் உள்ள விழுங்கு செல்கள் அதைப் பிடித்து அழித்தன. பிறகு குமிழியின் மேல் பாலிஎத்திலீன் கிளைக்கால் இழைகளைப் பதித்தார்கள். அவை தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்வதால் புரதம் எளிதில் ஒட்டாது. மருந்து நாள்கணக்கில் ரத்தத்தில் சுற்றும், இதயத்துக்குச் சேதமும் குறையும். இப்படி உருவான டாக்சில் 1995இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

2011இல் அங்கே டாக்சிலுக்குத் தட்டுப்பாடு வந்தது. அடுத்த ஆண்டு, இந்தியாவின் சன் பார்மா தயாரித்த லிப்போடாக்ஸைத் தற்காலிகமாக இறக்குமதி செய்துகொண்டார்கள். 2013இல் அந்நிறுவனத்தின் ஜெனரிக் மருந்துக்கும் அனுமதி கிடைத்தது. அமெரிக்காவின் பற்றாக்குறையைத் தீர்க்கும் திறமை இந்த நாட்டில் இருக்கிறது. ஆனால் பூச்சுள்ள மருந்தின் விலை, பூச்சில்லாததைவிடப் பல மடங்கு. தேவைப்படும் தூய்மைப் பணியாளருக்கும் தோல் பதனிடும் தொழிலாளிக்கும் அது அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்கிறதா? 1994இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை மொத்தமாக வாங்கித் தருகிறது. எவ்வளவு வாங்கினார்கள், எந்த மருத்துவமனைக்குப் போனது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். அதற்குப் பத்து ரூபாய்தான் செலவு.

இரண்டாவது கேள்வி, ஆய்வகத்துக்குள் யார் இருக்கிறார்கள் என்பது. டெல்லி எய்ம்ஸில் தலித், பழங்குடி மாணவர்கள் ஒதுக்கப்படுவதை 2007இலேயே தோரட் குழு பதிவு செய்தது. ஆய்வு உதவித்தொகை தாமதமானால் முதலில் படிப்பை விடுவது நம் வீட்டுப் பிள்ளைதான். இடஒதுக்கீட்டு இடங்கள் நிரப்பப்படுகின்றனவா என்பதையும் நாம்தான் கண்காணிக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. உயர்கல்விக்குப் போகும் நம் பிள்ளைகளிடம் நல்லெண்ணத்தோடே சிலர் சொல்வதுண்டு: "ஊர்ப் பேரைச் சொல்லாதே, அம்பேத்கர் படத்தை அறையில் மாட்டாதே." இதுவும் ஒரு மேல்பூச்சுதான். விலங்கு ஆய்வுகளில் ஒரு விஷயம் தெரியவந்திருக்கிறது. முதல் ஊசிக்குப் பிறகு உடல் அந்தப் பூச்சுக்கு எதிராகவே எதிர்ப்பொருளை உண்டாக்கலாம். அப்போது இரண்டாவது ஊசி வேகமாக வெளியேற்றப்படும். மறைக்க வந்ததே அடையாளமாகிவிடுகிறது. சாதியும் அப்படித்தான் மோப்பம் பிடிக்கும்.

மருந்து முகம் மறைத்துப் போகட்டும், உயிர் பிழைக்கும். நாம் பேரோடும் ஊரோடும் ஆய்வகத்துக்குள் போவோம். மாற வேண்டியது நாமல்ல, விழுங்கக் காத்திருக்கும் அந்த நிறுவனங்கள்.