வாவிக்கு வழக்காளி யார்?

2025ஆம் ஆண்டு யூலை 24ஆம் நாள் கொழும்பு உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்பை வழங்கிற்று. "எக்ஸ்-பிரஸ் பேர்ள்" என்னும் கப்பலுக்குரியோர் இலங்கைக்கு நூறு கோடி அமெரிக்க டொலர் நட்டஈடு செலுத்த வேண்டுமென்பது அத்தீர்ப்பு. 2021 மே மாதம் கொழும்புக்கு அண்மையில் தீப்பற்றி, யூன் மாதம் அமிழ்ந்த கப்பல் அது. ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகளை ஏற்றி வந்து கடலிற் கொட்டிய கப்பல் அது. 417 ஆமைகளும் 48 டொல்பின்களும் 8 திமிங்கிலங்களும் மாண்ட கணக்கை நீதிமன்றம் எடுத்துரைத்தது.

இஃது மேற்குக் கரையின் கதையென்று எண்ணற்க. அதற்கு முந்திய ஆண்டு, 2020 செப்டெம்பர் 3ஆம் நாள், நமது கிழக்குக் கரையில் சங்கமன்கண்டிக்கு அப்பால் "நியூ டயமண்ட்" என்ற எண்ணெய்க் கப்பல் தீப்பற்றிற்று. அதில் இருந்த மசகு எண்ணெய் ஏறத்தாழ 2,70,000 தொன். இயந்திர அறையில் ஓர் ஊழியர் உயிரிழந்தார். தீயணைத்தோரின் உழைப்பாலும் நமது நற்பேற்றாலும் அவ்வெண்ணெய் கப்பலுக்குள்ளேயே நின்றது. கப்பற் தலைவன் குற்றத்தை ஒப்புக்கொண்டு 1 கோடி 20 இலட்சம் ரூபா தண்டம் செலுத்திச் சென்றான்.

அந்நியன் கெடுத்தால் கூண்டிலேற்ற ஆளுண்டு, அது நன்றே. ஆனால் மட்டக்களப்பு வாவியை நாள்தோறும் நஞ்சாக்குவோரைக் கூண்டிலேற்ற யார் இருக்கின்றனர்?

வாவி வேறு, கடல் வேறு, வாவியில் விழுவது நாலு பொலித்தீன் பைதானே என்று கூறும் கனவான்கள் நம்மிடையே உளர். படித்தவர்களிடமே இவ்வறியாமை மிகுதி. மீனவரிடம் இதைச் சொன்னாற் சிரிப்பார்கள். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் நம் வாவி கடலோடு கலப்பது இரண்டே வாயில்களால். ஒன்று பாலமீன்மடு முகத்துவாரம். மற்றது தெற்கே கோட்டைக்கல்லாறு. கோடையில் மணல் திரண்டு வாயில் அடைபடும். அப்போது வாவியில் வீழ்ந்தது வாவியிலேயே கிடக்கும். மாரியில் வெள்ளம் ஏறி வயல்கள் மூழ்கத் தொடங்கியதும் மணல்மேட்டை வெட்டிவிடுகிறோம். கோடை முழுவதும் தேங்கிய கழிவு சில நாட்களிற் கடலுக்குட் போய்விடுகின்றது.

கடலிலிருந்து வாவிக்கு வருவதும் உண்டு. இறால் கடலில் முட்டையிடும். அதன் குஞ்சுகள் முகத்துவாரத்தால் உள்ளே வந்து கண்டல் வேர்களுக்கிடையே வளர்ந்து, மீண்டும் கடலுக்குத் திரும்பும். ஆதலால் வாவிக்கரையை மண்ணிட்டு நிரப்பிக் கண்டலை வெட்டுகிறவன் கடலில் வலைவீசுகிறவனின் வலையையும் சேர்த்தே அறுக்கின்றான்.

படுவான்கரைக் கமக்காரத் தோழர்களுக்கும் ஒன்று சொல்லியாக வேண்டும், கசப்பாயிருப்பினும் பொறுத்தருள்க. வயலுக்கிட்ட யூரியாவிற் பயிர் உண்ணாத பங்கு வடிச்சல் வாய்க்கால் வழியே வாவியை அடைகின்றது. அங்கே அது பாசியை வளர்க்கின்றது. பாசி அழுகும்போது நீரிலுள்ள பிராணவாயு தீர்ந்துபோக, மீன் மூச்சுத் திணறி மிதக்கின்றது. உரத்தை அடியோடு விடுங்கள் என்று கூறும் மூடனல்லன் நான். 2021 இல் இரசாயன உரத்தைத் திடீரெனத் தடைசெய்த அரசாங்கம் நம் வயல்களுக்குச் செய்த கேட்டை நாமறிவோம். ஆனால் மழைக்கு முதல்நாள் உரம் எறிவதையும், களைநாசினிப் போத்தலை வாய்க்காலிற் கழுவுவதையும் நிறுத்த எந்த வர்த்தமானி அறிவித்தலும் வேண்டியதில்லை.

நகரத்தவர் குற்றம் இதனினும் பெரிது. ஓர் அலுவலகத்தின் உழவு இயந்திரப் பெட்டியிலிருந்து வாவிக்கரையில் கழிவு கொட்டப்படுவதை நேரிற் கண்டு, பொறுப்பானவருக்கு எழுதினேன். "தங்கள் கடிதம் கிடைத்தது" என்று பதில் வந்தது. இரண்டாம் கடிதத்துக்கும் அதே வாசகம். என் அலுமாரி நிறைய இருப்பவையோ வரம்பு வழக்குகள். ஓரடி வரம்பைத் தள்ளினால் தந்தை தொடங்கிய வழக்கை மகன் முடிக்கின்ற நாடு இது. வாவிக்கரையையே ஒருவன் விழுங்கினால் மட்டும், அது அரசாங்கக் காணி, நமக்கென்ன என்கிறோம்!

சட்டம் இல்லையா? இருக்கின்றது. எப்பாவலையிற் பொசுபேற்று அகழ்வுத் திட்டத்தை எதிர்த்துக் கமக்காரர் உள்ளிட்ட ஏழு குடிமக்கள் வழக்காடினர். 2000ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. நாட்டின் இயற்கை வளங்களுக்கு அரசு பாதுகாவலனே என்ற கொள்கை அங்கே வலுப்பெற்றது. சுன்னாகத்தில் மின்னிலைய எண்ணெய் கிணறுகளிற் கலந்த வழக்கில், 2019 ஏப்ரலில், நிறுவனம் மக்களுக்கு 2 கோடி ரூபா செலுத்துமாறு தீர்ப்பாயிற்று. அவ்வழக்கைக் கொண்டுசென்றவர் சுன்னாகத்தார் அல்லர். தென்னிலங்கையைச் சேர்ந்த ஒரு சுற்றாடற் செயற்பாட்டாளர். தமிழன் கிணற்றுக்காகச் சிங்களவர் ஒருவர் மனுதாரராயினார். அவருக்கு நன்றி கூறும் அதே வாயால் நாம் நம்மை என்னவென்று சொல்வது?

வென்றும் பயனென்ன, கப்பற்காரர் அந்த நூறு கோடியைச் செலுத்த மறுத்துவிட்டனரே என்பார் உளர். உண்மை. அவர்களது பொறுப்பை ஏறத்தாழ 1 கோடி 90 இலட்சம் பவுணுக்குள் அடக்கும் ஆணையை இலண்டன் நீதிமன்றம் 2023 இலேயே வழங்கிவிட்டது. ஆயினும் அவர்கள் இருப்பது சிங்கப்பூரில். வாவியைக் கெடுப்பவன் இருப்பது அடுத்த வீதியில். பொலிசு உத்தியோகத்தர் துவிச்சக்கர வண்டியிற் சென்று அழைப்பாணையைக் கையிற் கொடுக்கலாம். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை, 98ஆம் பிரிவு: பொதுத்தொல்லை பற்றி அறிக்கையோ பிற தகவலோ கிடைத்தால், அதை அகற்றும்படி நீதவான் கட்டளையிடலாம்.

மாகாண சபை இருந்தாற் செய்யும் என்பது இன்னொரு சாட்டு. 2017 இற் கலைந்த கிழக்கு மாகாண சபைக்குத் தேர்தல் வையாது ஆண்டுகளை ஓட்டிய கொழும்பு ஆட்சியாளரின் கணக்கை வேறோர் இதழில் தீர்ப்போம். நீதவான் நீதிமன்றத்தை எவரும் கலைக்கவில்லை.

மாரிக்கு முன்னரே வாவிக்கரை ஊர் ஒவ்வொன்றிலும் கமக்கார அமைப்பும் மீனவர் சங்கமும் ஒரே பாயிலிருந்து எழுதவேண்டியவை சில. எங்கே கொட்டப்படுகிறது, எந்நாள், எந்த வாகனம், கண்டவர் யார் என்பன. அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாதமே தவணையாதலால் திகதி தவறலாகாது. மொட்டைக் கடிதங்கள் வேண்டா. இவற்றோடு வருவோருக்காக நீதவான் முன் தோன்ற நான் கட்டணம் பெறேன். என் தொழிற்றோழர் சிலரும் இசைந்துள்ளனர். முதலாவது விண்ணப்பம் ஆயத்தமாயிருக்கின்றது. விண்ணப்பகாரரின் பெயருக்குரிய இடம் மட்டும் இன்னும் வெறுமையாய்க் கிடக்கின்றது.